கற்பிட்டிக் கடலின் கப்பல் செய்திகளும் ஃபஸ் சோதனையின் சிக்கனமும்

ஒரு மென்பொருளுக்குப் பிழையான, எதிர்பாராத உள்ளீடுகளைத் தானியங்கியாக ஆக்கி, இடைவிடாமல் ஊட்டி, அது எந்த இடத்தில் நிலைகுலைகிறது என்று கண்காணிப்பது ஃபஸ் சோதனை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் 1988இல் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சியில் இது தொடங்கியது. இடிமழை இரவொன்றில் தொலைபேசி இணைப்பில் புகுந்த இரைச்சல் எழுத்துகள் யுனிக்ஸ் கருவிகளைக் குலைப்பதை அவர் கவனித்திருந்தார். அதே வேலையைத் திட்டமிட்டுச் செய்து 1990இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 90 கருவிகளில் நான்கில் ஒரு பங்கு நின்றுபோயின அல்லது தொங்கிப்போயின. இந்த முறை பிழை கண்டுபிடிக்குமா என்ற கேள்வி அத்தோடு தீர்ந்துவிட்டது. ஒரு பிழையை எவ்வளவு கணினி நேரத்துக்குள், எவ்வளவு மனித உழைப்புக்குள் கண்டுபிடிக்கலாம் என்பதே அதன்பின் வந்த முப்பது ஆண்டு ஆய்வின் பொருள். ஓட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது இதில் எளிய பகுதி. ஒவ்வொரு ஓட்டமும் புதிதாக ஒன்றைக் காட்டும்படி செய்வதுதான் கடினமானது.

இதைச் சிறியதொரு மென்பொருளை வைத்து விளக்குவது நல்லது. இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையில் அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நுரைச்சோலையில் உள்ள லக்விஜய அனல்மின் நிலையம் 300 மெகாவோட் திறனுள்ள மூன்று அலகுகளைக் கொண்டது. முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. அதற்கான நிலக்கரியைக் கொண்டுவரும் பெருங்கப்பல்கள் கரையை அணுக முடியாமல் ஆழமான நீரில் நங்கூரமிடுகின்றன. தட்டைப் படகுகள் நிலக்கரியை அங்கிருந்து இறங்குதுறைக்கு எடுத்துவருகின்றன. தென்மேல் பருவக்காற்றில் இந்த வேலை நடக்காது. ஆகவே ஆண்டின் ஒரு பாதியில்தான் கற்பிட்டித் தீபகற்பத்துக்கு வெளியே இந்தக் கப்பல்கள் வரிசையாக நிற்கும். சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கப்பலும் ஏஐஎஸ் என்னும் தானியங்கி அடையாளக் கருவியைச் சுமக்க வேண்டும் என்பது உலக விதி. அந்தக் கருவி 161.975, 162.025 மெகாஹேட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கும்: ஓடும் கப்பல் சில செக்கன்களுக்கு ஒரு முறை, நங்கூரமிட்ட கப்பல் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை.

இந்தச் செய்திகளைக் கரையிலோ இன்னொரு கப்பலிலோ வாங்கி, வரைபடத்தில் புள்ளியாக மாற்றும் மென்பொருளின் அடித்தளத்தில் ஒரு பிரித்தறியும் நிரல் இருக்கிறது. ஃபஸ் சோதனைக்கு இலக்காக வேண்டியது அந்த நிரலே. ஏஐஎஸ் செய்தியை அனுப்புபவர் யார் என்று சரிபார்க்க நெறிமுறையில் எந்த ஏற்பாடும் இல்லை. மார்கோ பல்டூசி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மலிவான வானொலிக் கருவி கொண்ட எவரும் போலிக் கப்பலை உருவாக்கலாம் என்று காட்டியது. கடலில் இல்லாத கப்பலை அனுப்ப முடிகிறவருக்கு, இலக்கணம் மீறிய செய்தியை அனுப்புவதும் முடியும். பெறும் நிரல் எதையும் தாங்க வேண்டும்.

செய்தியின் அமைப்பு இவ்வாறு இருக்கும். வியப்புக்குறியை அடுத்து ‘ஏஐவிடிஎம்’ என்பதன் ஐந்து ஆங்கில எழுத்துகள். பின் செய்தி எத்தனை துண்டு, இது எத்தனையாவது துண்டு, எந்த அலைவரிசை என்ற புலங்கள். பின் ஆறு பிட்டுக்கு ஓர் எழுத்தாகக் கட்டிய உள்ளடக்கம். உடுக்குறிக்குப் பிறகு இரண்டு பதினறும இலக்கங்களில் சரிபார்ப்பு எண். உள்ளடக்கத்தின் முதல் ஆறு பிட்டுகள் செய்தி வகையைச் சொல்லும்; 1 முதல் 27 வரை வகைகள் உண்டு. இருப்பிடம் சொல்லும் முதல் வகை 168 பிட். கப்பலின் பெயரும் சேருமிடமும் சொல்லும் ஐந்தாம் வகை 424 பிட் என்பதால் இரண்டு துண்டுகளாகவே வரும். பிரித்தறியும் நிரல் முதல் துண்டை நினைவில் வைத்து, இரண்டாவது வரும்வரை காத்திருக்க வேண்டும். நினைவகப் பிழைகள் ஒளிந்திருக்கக்கூடிய இடம் இது: மூன்று துண்டு என்று அறிவித்துவிட்டு ஐந்தாவது துண்டை அனுப்பினால் என்ன ஆகும்?

முதல் சேமிப்பு வேகத்தில் கிடைக்கிறது. வரைபடம் காட்டும் முழுச் செயலியையும் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் திறந்து மூடினால் செக்கனுக்கு ஒரு சோதனைகூட நடக்காது. பிரித்தறியும் நிரலை மட்டும் தனியே எடுத்து, ஒரு பைட் வரிசையை வாங்கி அதனிடம் கொடுக்கும் சிறு சோதனைச் செயற்கூறு ஒன்றை எழுத வேண்டும். இந்தச் சில வரிகளை எழுதும் பொறியாளரின் ஒரு மணி நேரம், பின்னால் வரும் எந்த நுணுக்கத்தையும்விட அதிகப் பலன் தரும். அடுத்தது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய செயல்முறையைத் தொடக்கத்திலிருந்து ஏற்றாமல், ஏற்றி முடித்த நிலையிலிருந்து நகலெடுப்பது. அதற்கும் அடுத்தது, நகலே எடுக்காமல் ஒரே செயல்முறைக்குள் செயற்கூறை ஆயிரக்கணக்கான முறை அழைப்பது. இந்த நிலைத்த முறை வேகத்தை 10 முதல் 20 மடங்கு வரை கூட்டும் என்கிறது ஏஎஃப்எல்++ என்னும் ஃபஸ்ஸரின் (ஃபஸ் சோதனைக் கருவியின்) கையேடு.

ஏஐஎஸ் நிரலில் இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. முந்தைய ஓட்டம் விட்டுச்சென்ற பாதித் துண்டு அடுத்த ஓட்டத்தின் நினைவகத்தில் கிடக்கும். அப்போது ஏற்படும் வீழ்ச்சியை, பதிவான உள்ளீட்டை மட்டும் வைத்து மீண்டும் உருவாக்க முடியாது. பிழை உண்மையா மாயையா என்று தேடுவதில் நாள்கள் போகும். ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் துண்டு அட்டவணையை வெறுமையாக்க வேண்டும். துண்டுகளுக்கு இடையிலான பிழைகளையும் தேட விரும்பினால் பல செய்திகளை ஒரே உள்ளீட்டுக்குள் வரிசையாக வைக்க வேண்டும். நினைவகத்தின் நிழற்படத்தை எடுத்து, ஓட்டத்துக்கு ஓட்டம் அதற்கே திரும்பும் கருவிகளும் வந்துவிட்டன. பெரிய சேவையக மென்பொருள்களுக்கு அவை உதவும், இவ்வளவு சிறிய நிரலுக்குத் தேவையில்லை.

இரண்டாவது சேமிப்பு பின்னூட்டத்தால் வருவது. 2013இல் மிகால் ஸலெவ்ஸ்கி வெளியிட்ட ஏஎஃப்எல் இதைப் பரவலாக்கியது. நிரலைத் தொகுக்கும்போதே ஒவ்வொரு கிளைப்பகுதியிலும் ஓர் எண் பதிக்கப்படுகிறது. ஓட்டத்தின்போது எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்குப் போனது என்பது 64 கிலோபைட் அட்டவணையில் எண்ணப்படுகிறது. புதிய தடம் ஒன்றைக் காட்டிய உள்ளீடு சேமிக்கப்பட்டு, அடுத்த மாற்றங்களுக்கு விதையாகிறது, காட்டாதது வீசப்படுகிறது. இந்த எளிய தெரிவின் வலிமையைக் காட்ட ஸலெவ்ஸ்கி 2014இல் ஒரு சோதனை செய்தார். ‘ஹலோ’ என்ற ஒரு சொல் மட்டுமே உள்ள கோப்பில் தொடங்கிய ஏஎஃப்எல், படக்கோப்புகளைப் பிரிக்கும் நிரலுடன் ஓடவிட்டபோது, தானாகவே செல்லுபடியான ஜேபெக் படங்களை ஆக்கியது. படவடிவம் பற்றி யாரும் அதற்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் பின்னூட்டம் படிப்படியாக ஏறக்கூடிய இடத்தில்தான் உதவுகிறது. ஏஐஎஸ் செய்தியின் தலைப்பில் உள்ள ஐந்து எழுத்துகளையும் நிரல் ஒரே அடியில் ஒப்பிட்டால், நான்கு எழுத்து சரியாக இருப்பதற்கும் ஓர் எழுத்தும் சரியில்லாததற்கும் வேறுபாடு தெரியாது. ஐந்து பைட்டுக்கான சேர்மானங்கள் ஓர் இலட்சம் கோடிக்கு மேல். செக்கனுக்கு 1,000 சோதனை என்றால் அனைத்தையும் முயன்று முடிக்க ஏறத்தாழ 35 ஆண்டுகள். அதே ஒப்பீட்டை எழுத்துக்கு எழுத்தாகப் பிரித்துத் தொகுத்தால் ஒவ்வொன்றும் ஒரு புதிய தடமாகத் தெரியும். 5 முறை 256, அதாவது 1,280 முயற்சி போதும். ஓரிரு செக்கனில் முடிந்துவிடும். 2016இல் லாஃப்-இன்டெல் என்ற திட்டம் தொகுப்பியில் இந்தப் பிரிப்பைச் செய்தது. ஜேர்மனியின் போகும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ரெட்குவீன் வேறு வழியில் போனது: ஒப்பீட்டின் இரு பக்க மதிப்புகளையும் ஓட்டத்தின்போதே பார்த்து, உள்ளீட்டில் ஒரு பக்கம் இருக்கும் இடத்தில் மறுபக்கத்தை எழுதிவிடும். ஃபஸ் சோதனையில் ஒரு தடை எத்தனை ஆண்டு, எத்தனை செக்கன் என்பதை எந்திரத்தின் வேகத்தைவிட அந்தத் தடை எவ்வாறு கண்ணுக்குத் தெரிகிறது என்பதே தீர்மானிக்கிறது.

சரிபார்ப்பு எண் இன்னொரு வகைத் தடை. வியப்புக்குறிக்கும் உடுக்குறிக்கும் இடையில் உள்ள எல்லா எழுத்துகளின் விலக்கு-அல்லது மதிப்பே அந்த எண். சரியான செய்தியில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் எண் பொருந்தாது. நிரல் வாசலிலேயே திருப்பி அனுப்பும். தாறுமாறாகப் பல மாற்றம் செய்தால் 256இல் ஒன்று மட்டும் தற்செயலாகத் தப்பும். ஆக, செக்கனுக்கு 10,000 சோதனை ஓடுவதாகக் கருவியின் திரை பெருமையாகக் காட்டும்போது, உள்ளே நுழைவது நாற்பதுக்குள்தான். இதற்கு இரண்டு தீர்வுகள் நடைமுறையில் உள்ளன. சோதனைக்காகத் தொகுக்கும்போது மட்டும் சரிபார்ப்பை நீக்கிவிடலாம். அல்லது, மாற்றம் செய்து முடித்தபின் எண்ணைக் கணக்கிட்டு ஒட்டும் சிறு செயற்கூறை ஃபஸ்ஸரில் சேர்க்கலாம். இரண்டாவதே மேல். அதில் கிடைக்கும் வீழ்ச்சி உள்ளீடு உண்மையான, மாற்றப்படாத நிரலிலும் அப்படியே வேலை செய்யும். உற்பத்தியாளரிடம் கொடுக்கும்போது வாதத்துக்கு இடமிருக்காது.

இதே வழியில் மேலும் போனால் அமைப்பறிந்த மாற்றம் வருகிறது: உள்ளடக்கத்தைப் புலங்களாகப் பிரித்து, நெட்டாங்கு, அகலாங்கு, வேகம், பெயர் என்று புலம் புலமாக மாற்றி, மீண்டும் கட்டுவது. ஆறு பிட்டுக்கு ஓர் எழுத்து என்ற கட்டில், பைட் அளவிலான மாற்றம் புல எல்லைகளை எப்போதும் குறுக்கே வெட்டுகிறது. புலமறிந்த மாற்றம் 28 பிட் நெட்டாங்கை மட்டும் உச்ச மதிப்புக்குக் கொண்டுபோகும். அதற்கும் குறை உண்டு. எப்போதும் ஒழுங்கான உறையில் செய்தி அனுப்பும் ஃபஸ்ஸர், உறையைப் பிரிக்கும் பகுதியில் உள்ள பிழைகளைப் பார்க்கவே பார்க்காது. இரண்டு வகையையும் அருகருகே ஓடவிடுவதே நல்லது.

மூன்றாவது சேமிப்பு விதைகளின் தெரிவில் கிடைக்கிறது. கற்பிட்டிக்கு அப்பால் நிற்கும் நிலக்கரிக் கப்பல்களின் செய்திகளை ஒரு வாரம் வாங்கிச் சேமித்தால் நிறையவே குவியும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நங்கூரமிட்ட கப்பல் தன் இருப்பிடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவை. நிரலில் அவை எல்லாம் ஒரே தடத்தில் நடக்கின்றன. சேமித்தவற்றில் புதிய தடம் எதையும் கூட்டாதவற்றை நீக்கி மிகச் சிறிய தொகுதியாகச் சுருக்குவது முதல் வேலை. அடுத்தது, இல்லாதவற்றைத் தேடிச் சேர்ப்பது: கரை நிலையங்கள் அனுப்பும் நான்காம் வகை, நீளம் மாறக்கூடிய எழுத்துச் செய்தியான பதினான்காம் வகை, சிறு படகுகளின் பதினெட்டாம் வகை, மிதவைகளும் கலங்கரை விளக்கங்களும் அனுப்பும் இருபத்தோராம் வகை. கடலில் அரிதாகக் கேட்கும் செய்திக்கான நிரல் வரிகள் அரிதாகவே ஓடியிருக்கும். அரிதாக ஓடிய வரிகளில் பழைய பிழைகள் தங்கும்.

ஃபஸ்ஸர் தன் நேரத்தை விதைகளிடையே எப்படிப் பங்கிடுகிறது என்பது நான்காவது சேமிப்பு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்செல் பொமே, வான்-துவான் பாம், அபிக் ராய்சவுத்ரி ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஏஎஃப்எல்ஃபாஸ்ட், ஏஎஃப்எல்லின் பெரும்பகுதி உழைப்பு சில தடங்களிலேயே, அதிலும் உள்ளீட்டை நிராகரிக்கும் தடங்களிலேயே, வீணாவதைக் காட்டியது. அடிக்கடி மிதிபட்ட தடத்தின் விதைக்குக் குறைந்த ஆற்றலும் (அதாவது குறைவான ஓட்டங்களும்), அரிதான தடத்தின் விதைக்குக் கூடிய ஆற்றலும் கொடுக்கும்படி பங்கீட்டு விதியை மட்டும் அவர்கள் மாற்றினார்கள். அதுவரை அறியப்படாதிருந்த ஆறு பாதுகாப்புக் குறைபாடுகளை ஏஎஃப்எல்லைவிட ஏழு மடங்கு வேகமாக அந்த மாற்றம் வெளிக்கொணர்ந்தது. ஏஎஃப்எல் 24 மணி நேரத்தில் காணாத மூன்றையும் கண்டது. எந்திரம் அதே, மாற்றும் முறையும் அதே.

கிளை நிபந்தனைகளைச் சமன்பாடுகளாக்கித் தீர்த்து உள்ளீட்டைக் கணக்கிடும் குறியீட்டு முறை வேறொரு மரபு. கௌசிக் சென், பத்ரிஸ் கோட்ஃப்ருவா, நில்ஸ் கிளார்லண்ட் ஆகியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு வழிவகுத்தது. கோட்ஃப்ருவா பின்னர் மைக்ரோசொஃப்டில் உருவாக்கிய சேஜ், விண்டோஸ் 7இல் கோப்பு ஃபஸ் சோதனையால் கிடைத்த பிழைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கண்டது. ஓட்டத்துக்கு ஆகும் செலவு அதிகம் என்பதால், இறுகிய நிபந்தனைகளில் மட்டும் பயன்படுத்தினால் போதும்.

பிழை நேர்ந்தும் நிரல் விழாமல் ஓடினால் சோதனை நடந்தும் நடக்காததுபோல் ஆகும். பெயர்ப் புலத்தில் ஒரு பைட் எல்லை தாண்டி வாசித்தால் நிரல் பெரும்பாலும் அமைதியாகத் தொடரும். கூகிள் குழுவினர் 2012இல் வெளியிட்ட அட்ரஸ்சானிட்டைசர் அத்தகைய எல்லை மீறலை உடனே நிறுத்திக் காட்டும். அதற்குச் சராசரியாக 73 சதவீதம் கூடுதல் ஓட்ட நேரமும், மூன்று மடங்குக்கு மேல் நினைவகமும் செலவாகின்றன. கணினியில் பத்துக் கருக்கள் (core) இருந்தால் ஒன்றிரண்டில் மட்டும் இதை வைத்து, மற்றவற்றை வெறுமையாக ஓடவிட்டு, கண்டெடுத்த விதைகளைப் பகிர்ந்துகொள்வது வழக்கம்.

கருக்களைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்ற எண்ணத்துக்கு பொமேயும் பிராண்டன் ஃபோக்கும் 2020இல் பதில் கொடுத்தார்கள். ஏறத்தாழ 300 திறந்த மூல நிரல்களில் செய்த அளவீட்டின்படி, எந்திரங்களை இரட்டித்தால் ஏற்கெனவே கண்ட அதே பிழைகளைப் பாதி நேரத்தில் காணலாம். ஆனால் ஒரே கால அளவில் புதிய பிழைகளை ஒவ்வொன்றாகக் கூட்ட, எந்திரங்கள் ஒவ்வொரு முறையும் மடங்குகளாகப் பெருக வேண்டும். பணத்தால் வாங்கக்கூடிய வேகத்துக்கு இங்கே எல்லை தெரிகிறது. சிறு நிறுவனங்களுக்கு இது ஒருவகையில் நல்ல செய்தி: பெருநிறுவனத்தின் ஆயிரம் எந்திரங்கள் ஆயிரம் மடங்கு பிழையைக் கண்டுவிடுவதில்லை.

எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கான விடை உயிரியலிலிருந்து வந்தது. புத்தளம் களப்பில் ஒருவர் மீனினங்களைக் கணக்கெடுக்கிறார் என்று கொள்ளலாம். ஆயிரம் மீன் பிடித்து இனம் பிரித்ததில், எட்டு இனங்கள் ஒரே ஒரு மீனாக மட்டும் கிடைத்திருந்தால், அடுத்த மீன் இதுவரை காணாத இனமாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1,000இல் 8. ஒரே முறை தென்பட்டவை குறையக் குறைய, காணாமல் மிஞ்சியவையும் குறைவு என்று கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின் மறைகுறி உடைப்பு வேலையில் அலன் டியூரிங் கண்ட இந்தக் கணக்கை ஐ. ஜே. குட் 1953இல் வெளியிட்டார். சூழலியலாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பொமே 2018இல் உள்ளீடு ஒவ்வொன்றையும் ஒரு மாதிரியாகவும், நிரலின் தடம் ஒவ்வொன்றையும் ஓர் இனமாகவும் கொண்டு இந்தக் கணக்கை ஃபஸ் சோதனைக்குப் பொருத்தினார். பிழை எதுவும் கிடைக்காத சோதனையிலிருந்தும் ஒரு முடிவைப் பெற அப்போது வழி பிறந்தது: அடுத்த உள்ளீடு புதியதொன்றைக் காட்டும் வாய்ப்பு இவ்வளவு, அதற்குமேல் இல்லை.

பின்னூட்டமுள்ள ஃபஸ்ஸர் கண்டதைக் கொண்டு தன் தேடலை மாற்றிக்கொள்வதால், அதன் மாதிரிகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. எளிய கணக்கு மிச்ச ஆபத்தைக் குறைத்துக் காட்டிவிடும். பொமே, தனுஷ்க லியனகே, வாலன்டின் வூஸ்ட்ஹோல்ஸ் ஆகியோர் 2021இல் இந்தச் சாய்வுக்கான திருத்தங்களை ஆராய்ந்தனர். நிரலின் எந்தப் பகுதிகள் ஃபஸ்ஸருக்கு எட்டக்கூடியவை என்பதை இதே புள்ளியியல் வழியில் மதிப்பிடலாமா என்ற ஆய்வை லியனகேயும் பொமே முதலியோரும் 2023இல் வெளியிட்டனர்.

ஒரு ஃபஸ்ஸர் இன்னொன்றைவிடத் திறமையானது என்ற அறிவிப்புகளை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். ஜோர்ஜ் கிளீஸ் குழுவினர் 2018இல் 32 ஆய்வுகளைச் சோதித்து, ஒவ்வொன்றின் அளவீட்டிலும் ஏதோ ஒரு குறை கண்டனர். ஒரே ஓட்டத்தை வைத்து வெற்றி அறிவித்தவை இருந்தன. ‘தனித்துவமான வீழ்ச்சி’ என்று எண்ணப்பட்டவையும் ஏமாற்றின: ஒரு நிரலில் ஏஎஃப்எல் தனித்தனி என்று பிரித்த 57,142 வீழ்ச்சி உள்ளீடுகள் ஒன்பது பிழைகளைத் திருத்தியதும் மறைந்துபோயின. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் மனிதரின் நேரம் கணினி நேரத்தைவிட விலை கூடியது. ஆகவே ஒரே பிழையால் வரும் வீழ்ச்சிகளைத் தொகுத்து, உள்ளீட்டைச் சுருக்கிக் கொடுக்கும் பின்வேலையும் திறனின் கணக்கில் சேரும்.

2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையின் தாக்கத்தில் கூகிள் 2016 டிசம்பரில் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ், திறந்த மூல நிரல்களை நாள் முழுதும் இலவசமாகச் சோதிக்கிறது. 2023 ஓகஸ்ட் அளவில் 1,000 திட்டங்களில் 10,000க்கு மேற்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகள் இதன்மூலம் கண்டு திருத்தப்பட்டிருந்தன. அந்தப் பதிவுகளை ஆராய்ந்த சியாவ்காங் ஜுவும் பொமேயும் 2021இல், பிழைகளில் 77 சதவீதம் முன்பு சரியாக இருந்த நிரலில் பிந்தைய மாற்றத்தால் புகுந்தவை என்று கண்டனர். பழைய வரிகளில் தேடல் வறண்டபின் அடுத்த ஓட்டங்களை எங்கே செலவிடுவது என்பதற்கு இது திசை காட்டுகிறது. ஏஐஎஸ் நிரலில் புதியதொரு செய்தி வகைக்கான ஆதரவோ, துண்டு அட்டவணையில் ஒரு திருத்தமோ சேர்க்கப்பட்ட நாளில், ஆற்றலை மாறிய வரிகளுக்கு இட்டுச்செல்லும் விதைகளுக்குக் கூட்டி, முந்தைய சுருங்கிய தொகுதியோடு சில நிமிடம் ஓடவிட்டு, அதன்பின் இரவு முழுதும் விட்டுவைப்பதே பொருத்தமான ஒழுங்கு.